ஸ்டாப்பைத் தாண்டி

இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் போய் நின்றது.

தள்ளுவண்டியில் குழந்தையோடு இறங்கியவள், கண்ணாடியில் தெரிந்த டிரைவரை முறைத்தாள். வெள்ளைக்காரர். சிரிப்புக்கே பஞ்சமான முகம். உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் இங்கிலீஷ் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"மத்த ஸ்டாப்புல எல்லாம் கம்பத்துகிட்டயே கரெக்டா நிறுத்தறாருங்க. நம்ம ஸ்டாப்புல நான் ஒருத்திதானே இறங்கறேன், அந்த இளக்காரம்!" என்று புருஷனிடம் பொரிந்தாள்.

"நம்ம நிறத்தைப் பார்த்தா சில பேருக்கு அப்படித்தான்."

"அதுக்காக விட்டுடறதா?"

"தினமும் என் உயிரை வாங்காதே தாயே! நாளைக்கே பஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, ஆளையே இந்த ரூட்டிலிருந்து தூக்க வைக்கறேன். போதுமா?"

"செய்ங்க. அப்பத்தான் புத்தி வரும்."

மறுநாள் டிரைவர் சீட்டில் வேறு ஆள்.

"வாம்மா, பார்த்து ஏத்து" என்றார் தமிழிலேயே. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவள் ஸ்டாப்பில் பஸ் கம்பத்துக்கு நேராக, கச்சிதமாக நின்றது. நம்மாளு நம்மாளுதான்!

பெருமையாக வண்டியை இறக்கினாள். உடைந்து கிடந்த நடைபாதைக் கல்லுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே முன்சக்கரம் பொசுக்கென்று மாட்டிக்கொண்டது. வண்டி சாய்ந்தது. குழந்தை வீறிட்டது.

டிரைவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடடா, அந்தப் பொண்ணு நீதானா! வெள்ளைக்காரர் லீவுல போறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னாரும்மா. 'கைக்குழந்தைக்காரி ஒருத்தி இறங்குவா. கம்பத்துகிட்ட கல்லு பேந்து கிடக்கு. கொஞ்சம் முன்னால சமமா இருக்கும், அங்கே கொண்டுபோய் நிறுத்து'ன்னு. பாவி, மறந்து தொலைச்சிட்டேன்!"

அவள் வண்டியின் பெல்ட்டை அவிழ்த்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செல்போனில் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பஸ் கம்பெனிக்குப் பேசிட்டீங்களா?"

"ஆபீஸ் போன்ல லைன் கிடைச்சிடுச்சு. மேனேஜரைக் கூப்பிடப் போயிருக்காங்க. வேணாம்கிறியா? வெச்சிடவா?"

"ஐயோ, வெச்சிடாதீங்க! மேனேஜர் வரட்டும். என்ன ஆனாலும் அந்த டிரைவரை மட்டும் எங்க ரூட்டை விட்டு மாத்திடாதீங்கன்னு சொல்லுங்க."