மதில் தாண்டிய நாலு பந்து

நாலாவது பந்தும் மதில் தாண்டிப் போய் மிஸஸ் பிக்கர்ஸ்கில் தோட்டத்தில் விழுந்தது. நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நாலையும் அடித்து அனுப்பியது ஒரே ஆள்தான், மார்ல்பி ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் பின்வரிசைத் தடியன் பாரி.

"வேற பந்து எங்கே?" என்றார் நடுவர்.

"இருந்ததே நாலுதான் சார்" என்றார் கிளப் செயலாளர் கிளைவ்.

"பதினஞ்சு நிமிஷம் தர்றேன். போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. பந்து வரலேன்னா இந்த ஆட்டம் செல்லாது. புதன்கிழமை முதல்லேர்ந்து ஆடணும், சொல்லிட்டேன்."

கிளைவுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. சீசனின் கடைசி ஆட்டம், இன்னும் இருபது நிமிடம் பாக்கி. இதில் தோற்றால் ரோவர்ஸ் ஒரு படி கீழே இருக்கிற லீகுக்கு இறங்கியாக வேண்டும். தொண்ணூறு வருடத்தில் ஒரு கோப்பையைக் கூடக் கண்ணால் கண்டிராத கிளப்தான். ஆனால் ஒரு தடவையும் கீழே இறங்கியதில்லை. அந்தச் சரித்திரத்தைப் புத்தகமாகவே எழுதிப் போட்டவர் கிளைவ். அதன் கடைசி வரி இன்று மாறிப்போகுமோ என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

மிஸஸ் பிக்கர்ஸ்கில்லோ லேசுப்பட்ட ஆள் இல்லை. நாற்பது வருடமாக மதில் தாண்டி வந்த ஒரு பந்தும் திரும்பிப் போனதில்லை. கேட்கப் போன கோல்கீப்பரைத் தோட்டக் குழாயால் குளிப்பாட்டி அனுப்பிய புண்ணியவதி.

துணை நடுவர் கொடியும் கையுமாக வாசல் கேட்டில் நிற்க, கிளைவ் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. மிஸஸ் பிக்கர்ஸ்கில் சிரித்தார்! கிளைவ் ஒரு அடி பின்வாங்கினார்.

"வா கிளைவ், உள்ள வா. டீ போட்டு வெச்சிருக்கேன்."

"நீங்க கோபமா இருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்..."

"கோபமா? உன் புஸ்தகத்தை நேத்துதான் படிச்சு முடிச்சேன். என்னைப் பத்திப் பதினோரு பக்கம்! என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துல என்னைப் பத்திப் பதினோரு வார்த்தை பேசினதில்ல. அழுதுட்டேன் போ."

இந்த நேரத்தில் மூளையுள்ள எவனும் பந்தை வாங்கிக்கொண்டு ஓட்டமெடுப்பான். நம் கிளைவ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுல உங்க கண்ணாடிக் குடில் விஷயத்தைக் கொஞ்சம் அடக்கித்தான் எழுதினேன் மேடம். உங்க தக்காளிச் செடி மேலயே பந்தை அடிச்சு, ஒம்பது கண்ணாடியை நொறுக்கிட்டோம்."

"பழைய கதை. விடு."

"ஒம்பது இல்ல, பன்னெண்டு. புஸ்தகத்துல பொய் எழுதிட்டேன்."

மிஸஸ் பிக்கர்ஸ்கில்லின் புருவம் உயர்ந்தது. கிளைவ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையை ஒத்துக்கிட்டியே, அதுவே பெரிசு. இந்தா, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோ."

கிளைவ் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்பது நிமிடம். மனுஷருக்கு வாயில் சனி போலிருக்கிறது, அடுத்ததையும் ஆரம்பித்தார்.

"மேடம், அந்தச் சாம்பல் பூனைக்கு வால் வளைஞ்சு போச்சே... அது கார்ல மாட்டி இல்ல. எங்க ஆள் அடிச்ச பந்து."

"அடப் பாவிகளா!" என்று எழுந்தவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அது பக்கத்து வீட்டுப் பூனைடா! அதைக் கண்டாலே எனக்கு ஆகாது."

கிளைவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இனி ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லக் கூடாது என்று ஊரே இருபது வருடமாக வாயைக் கட்டி வைத்திருந்தது.

"காய்கறிக் கண்காட்சிக்கு நீங்க வளர்த்தீங்களே ஒரு பூசணிக்காய்... முதல் நாள் சாயந்திரம் ரெண்டா பிளந்து கிடந்ததே... அதுவும் நாங்கதான் மேடம். எங்களாலதான் பரிசு மிஸஸ் டாப்ஸனுக்குப் போச்சு."

மிஸஸ் பிக்கர்ஸ்கில்லின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. டீக்கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தார். டாப்ஸன் என்ற பேரை அந்த வீட்டில் உச்சரித்தவர்கள் யாரும் முழுசாகத் திரும்பியதில்லை.

அப்புறம் மெல்ல ஒரு பெருமூச்சு.

"அறுபத்தோராம் பக்கத்துல எழுதியிருக்கியே, 'இப்படியொரு பூசணியை மார்ல்பி இனிமேல் பார்க்கப் போவதில்லை'ன்னு. டாப்ஸனைப் பத்தி ஒரு வரி உண்டா? இல்லையே! எனக்கு அது போதும்."

"நானே எழுதித் தொலைச்சேனே..." என்று கிளைவ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிஸஸ் பிக்கர்ஸ்கில் உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தார். நாலு பந்தும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன.

"இந்தா. நாப்பது வருஷச் சண்டை இன்னியோட தீர்ந்தது."

"நாலு நிமிஷம்தான் இருக்கு! பந்து வரலேன்னா ஆட்டம் செல்லாது!" என்று வெளியே கொடிக்காரர் கத்தினார்.

"இன்னொரு கப் டீ கிடைக்குமா மேடம்?"

"டீ எங்கே ஓடிப் போகுது? முதல்ல ஆடி ஜெயிச்சுட்டு வா. வழியை விடு, நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்."

கிளைவ் பாய்ந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். கண்ணில் நீர் முட்டியது.

"என்னடா ஆச்சு உனக்கு? ஆட்டமே செல்லாமப் போயிடும்னு அந்த மனுஷன் கத்தறது காதுல விழலையா?"

கிளைவ் குரலை இறக்கிக் கெஞ்சினார்.

"கத்தட்டும் மேடம்... ஏழுக்கு சைபர்ல தோத்துக்கிட்டிருக்கோம்!"