கரடி வாங்கப்போன சுகர் மெஷின்

காட்டுச் சந்தையில், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சுகர் மெஷின் வாங்க வந்த கரடிக்கு, விலையைக் கேட்டதும் பாதி மயக்கம் வந்தது. அதற்கு மேல் வரி என்றதும் மீதி மயக்கமும் வந்துவிட்டது.

"ஐயா, தேன் தின்னு வளர்ந்த உடம்பு. கொஞ்ச நாளா கண்ணு இருட்டுது. வரியை மட்டுமாவது விடுங்களேன்" என்று வரி அதிகாரி நரியிடம் கெஞ்சியது.

நரி ஜிலேபியைக் கடித்தபடி தொண்டையைக் கனைத்தது. "மருந்துக்குத்தான்யா வரி கிடையாது. வீட்ல உட்கார்ந்து சோதிச்சுப் பார்க்கிறதெல்லாம் ஆடம்பரம். நோய் நல்லா முத்தட்டும், அப்புறம் வாரும்."

சொல்லிவிட்டு அவசரமாகப் புதருக்குப் பின்னால் ஒதுங்கியது. காலையிலிருந்து அதற்கு இதே வேலைதான்.

அங்கே எறும்புகள் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. "வாங்க சார், வாங்க! கரடியண்ணன் ஒதுங்குற இடத்துலகூட இவ்வளவு இனிப்பு இல்லை!"

நரிக்கு வாயிலிருந்த ஜிலேபி கசந்தது. வெளியே ஓடி வந்து சந்தையே அதிரக் கத்தியது: "பொதுமக்கள் நலன் கருதி, சுகர் மெஷினுக்கு இந்த நிமிஷத்திலிருந்து வரி ரத்து!"

கரடி துள்ளிக்கொண்டு கடைக்கு ஓடியது. அதை இடித்துத் தள்ளிவிட்டு முதல் ஆளாய்க் கை நீட்டியது நரி.

கரடி நரியைப் போலவே தொண்டையைக் கனைத்தது.

"நல்லா முத்தட்டுமே ஐயா, என்ன அவசரம்?"