முள் இல்லாத குடும்பம்

பேராசிரியர் அவள் பெயரை அடித்தார். கறுப்பு மையில், ஒரே கோடு.

ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இப்போது அவர் பெயர் மட்டும்தான் மிச்சம்.

ஸ்பிரிட் நெடிக்குள் நான்கு வருடம் குனிந்து கிடந்தவள் அவள். ஆழ்கடல் சேற்றோடு வலையில் வந்த, கட்டைவிரல் நகம் அளவு நட்சத்திர மீன். கைகளின் ஓரத்தில் முள்ளே இல்லை. விலங்கியல் வகைப்பாட்டில் இருக்கிற எந்தக் குடும்பத்திலும் சேர மாட்டேன் என்றது. அதற்கென்றே ஒரு புதுக் குடும்பம் வகுக்க வேண்டியதாயிற்று.

குடும்பத்தின் பெயரை எங்கே எழுதினாலும், பின்னாலேயே வகுத்தவர் பெயரும் வரும். அதற்காகத்தான் அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்.

"படமெல்லாம் நான் வரைஞ்சது சார். வெட்டிப் பார்த்ததும் நான்தான்."

"மீன் வெட்டுறவ பொண்ணு, உனக்கு வெட்டச் சொல்லியா குடுக்கணும்?" தானே சிரித்துக்கொண்டார். "எனக்கு இன்னும் ஆறு மாசம்தான் சர்வீஸ். உனக்கென்னம்மா, வயசு கெடக்கு. கடல்ல மீனா இல்ல?"



கணினியிலும் அவள் பெயரை எடுத்துவிட்டு, இதழுக்கு அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தவர் நிமிர்ந்தார்.

"ஆமா, என்னமோ சொல்லணும்னு ஓடி வந்தியே?"

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார். அனுப்புங்க."

அனுப்பினார்.

தன் மேசைக்குத் திரும்பினாள். காலையில் பழைய ஜாடி ஒன்றிலிருந்து எடுத்தது நுண்ணோக்கியின் அடியில் அப்படியே இருந்தது. அதே இன மீன். அளவில் மட்டும் இரண்டு மடங்கு.

கைகளின் ஓரத்தில் முள் முளைக்கத் தொடங்கியிருந்தது. நூறு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த குடும்பத்தின் முள்.

புதுக் குடும்பமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் முளைக்காத குழந்தையைப் பொக்கைவாய்க் கிழவன் என்று எழுதி வைத்திருந்தார்கள். நேற்று வரை அவளும்தான்.

இந்தத் துறையில் அச்சேறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது. தப்பென்று தெரிந்த பிறகும், தப்புகளின் பட்டியலில், வகுத்தவர் பெயரையும் சுமந்துகொண்டு காலத்துக்கும் நிற்கும்.

இதழ் வெளிவர எப்படியும் மூன்று மாதம் ஆகும். வரட்டும்.

புதுத் தாளை எடுத்தாள். தலைப்பை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று, முதலில் தன் பெயரை எழுதினாள்.