இதுதான் கடைசி

சற்குணம் எழுதிய சொல் விளையாட்டை உலகத்திலேயே ஆடுகிற ஒரே ஆள் அவர் மனைவி மேகலாதான். போன வாரம் அவர் அதில் கைவைத்ததிலிருந்து விளையாட்டு பாதியில் நின்றுபோகிறது. ஒழுங்காக ஓடிய பிரதி எதுவென்று அவருக்கே தெரியவில்லை. 'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி' என்று கணினியில் நாற்பத்தோரு ஃபோல்டர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பல்லைக் கடித்தார். மேகலா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என் தம்பி இதுல போட்டுக் குடுத்த சாஃப்ட்வேரைக் கத்துக்கிட்டா என்ன? செய்யிற ஒவ்வொரு மாத்தத்தையும் அதுவே ஞாபகம் வச்சுக்குமாமே."

"அதைக் கத்துக்கிற நேரத்துல இன்னொரு விளையாட்டே எழுதிடுவேன்."

"ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க. நான் செல்லுல ஏதாவது ஆடிக்கிறேன், போங்க."

மேகலா கூடத்துக்குப் போனதும் சற்குணம் அதைத் திறந்தார். கறுப்புத் திரை. அவர் தட்டிய முதல் கட்டளைக்கு, முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள் என ஆங்கிலத்தில் பதில் வந்தது. பன்னிரண்டு வருடமாக நிரல் எழுதுகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? படாரென்று மூடிவிட்டு நாற்பத்திரண்டாவது ஃபோல்டரை உருவாக்கினார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கும்போது, கூடத்தில் மேகலா ஏதோ ஆட்டத்தில் ஜெயித்ததற்குச் செல்போன் கைதட்டியது.