சம்பந்தி பார்க்க வந்த வண்டி

கதிரேசன் வந்ததும் முதல் வேலையாக பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

இன்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் குளிர்ந்த இன்ஜின் போடும் சத்தம் தெரியாமல் போய்விடும். பழைய வண்டி விற்கிறவன் எல்லாம் திருடன் என்பது அவர் கட்சி. கடைக்காரர் அங்கப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவிநாசி ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் கடை அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கப்பனின் மகள் ரித்திகா, அப்பாவை மீறி இந்தக் கதிரேசனின் மகனைக் கட்டிக்கொண்டாள். முறையாகப் பெண் கேட்டுக்கூட வராமல், தாரை வார்க்க அங்கப்பனின் தம்பியைப் பிடித்து உட்காரவைத்துக் கல்யாணத்தை முடித்தவர் கதிரேசன். அங்கப்பன் மகளைத் தலைமுழுகினார். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண் பார்க்க வராத மனுஷன் வண்டி பார்க்க வந்திருந்தார்.

அவருடைய பனியன் கம்பெனி மேனேஜர் ஓட்டுவதற்கு ஒரு எஸ்யூவி வேண்டுமாம். கோயமுத்தூர் ஜில்லாவில் வேறு கடையே இல்லை பாருங்கள். சம்பந்தி என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. மற்றபடி மரியாதைக்குக் குறைச்சலில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் கோபம் ஏற ஏற இன்னும் இரண்டு 'ங்க' சேர்த்துத்தான் பேசுவார்கள்.

கதிரேசன் கதவு ரப்பரை இழுத்து, உள்ளே வெல்டிங் புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து தகடெல்லாம் ஒட்டிப் பார்த்தார். இடிபட்டுப் பட்டி பூசியிருந்தால் அங்கே காந்தம் பிடிக்காது.

ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் சேறு தேடினார். மிதியடியை விலக்கி மோந்து பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். ஏனுங்க, இது வெள்ளத்துல நின்ன வண்டி இல்லீங்களே என்று கேட்டார். இல்லீங்க என்றார் அங்கப்பன். அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர் எதற்கு வந்தார் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது.

அது புளியமரத்தில் முன்பக்கம் மோதிய வண்டி. புது பம்பர் மாட்டிப் புதுசு போல ஆக்கிவிட்டார்கள். ஆனால் மோதியபோது வெடித்த ஏர்பேக்குகளை யாரும் மாற்றவில்லை. அதற்கு ஆகும் செலவுக்குப் பயந்து, வெறும் மூடியைப் போட்டு மூடி, எச்சரிக்கை விளக்கின் வயரையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அங்கப்பனே வாங்கின பிறகுதான் கண்டுபிடித்தார். சரி செய்யாமல் விற்பதில்லை என்று கொட்டகையின் பின்னால் ஓரங்கட்டி வைத்திருந்தார்.

கதிரேசன் வருகிறார் என்று போன் வந்ததும், அதைத்தான் கழுவித் துடைத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

சாவியைத் திருகினதும் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்து அணைய வேண்டும். கதிரேசன் திருகினார். அது எரியவே இல்லை. அவர் ஏசியைப் போட்டுப் பார்த்தார், ரிவர்ஸ் கேமராவைப் பார்த்தார், பாட்டுகூடப் போட்டுப் பார்த்தார். அங்கப்பனுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கதிரேசன் கிழக்கே பார்த்து நின்று அட்வான்ஸை நீட்டினார். அங்கப்பன் வலது கையை நீட்டினார்.

"மேனேஜருக்குன்னு சும்மா சொன்னேனுங்க" என்றார் கதிரேசன். "ரித்திகா ஓட்டறதுக்குத்தானுங்க. கோபி காலேஜுல வேலை கெடைச்சிருக்குது, தெனமும் போயிட்டு வரோணும். எங்கப்பா கடை வண்டின்னா ஒண்ணையும் பாக்க வேண்டாம் மாமான்னு சொல்லுச்சுங்க. எனக்குத்தான் மனசு கேக்கலீங்க."

அங்கப்பனின் கண் ஸ்டீயரிங் நடுவில் இருந்த அந்த வெறும் மூடிக்குப் போனது.

உண்மையைச் சொன்னால், இன்றைக்கே இந்த ஆள் போய் மகளிடம் சொல்வார். உங்கப்பன் நம்மளை ஏமாத்தப் பார்த்தான் என்பார். அவள் பேசாவிட்டாலும், முகம் பார்க்காவிட்டாலும், அந்த ஒரு நம்பிக்கையாவது அவளிடம் மிச்சம் இருக்கிறது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அதையும் இழக்க அவரால் முடியாது. வண்டியைக் கொடுக்கவும் முடியாது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"மருமகளுக்குப் பழைய வண்டி வாங்கித் தாரதுக்குத்தான் உங்களுக்கு வக்கு இருக்குதுங்களா? உங்க கஞ்சத்தனத்துக்கு எங்கடையில வண்டி கெடையாதுங்க."

கதிரேசனின் முகம் சிவந்தது. நீட்டிய பணத்தைத் திரும்பப் பைக்குள் வைக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெத்த பொண்ணுக்குப் பணம் வாங்கிட்டுக்கூட வண்டி தராத அப்பனை நான் பார்த்ததில்லைங்க, இதை அப்படியே அதுகிட்டச் சொல்றேனுங்க என்றார். சொல்லுங்க என்றார் அங்கப்பன்.

தன் காரின் கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கே ஷோரூமுல புதுசா எடுக்கறேனுங்க. உங்க கடை முன்னாடியே ரித்திகாவை ஓட்டிட்டுப் போகச் சொல்றேன். பாத்துட்டு உக்காந்திருங்க."

அவர் போன பிறகு அங்கப்பன் அந்த எஸ்யூவியைப் பழையபடி கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஆபீஸ் அறைக்குள் இருந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து, கடை வாசலில் ரோட்டைப் பார்த்துப் போட்டார்.

நாளைக்கு என்றுதான் அந்த ஆள் சொல்லியிருந்தார். அங்கப்பன் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டார்.