இசக்கியின் முகம்

"காது இன்னும் கொஞ்சம் பெரிசுக்கா" என்றாள் தங்கமாரி.

சுகப்பிரியா தாளில் காதை அழித்துப் பெரிசாக்கினாள். பார்த்துவிட்டு, முன்னாடி இருந்ததே சரி என்றாள் தங்கமாரி.

நேற்று சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்கள் ஏழெட்டு ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஷிஃப்ட் முடிந்து இறங்கியவர்களும் ஷிஃப்டுக்கு ஏறப் போனவர்களும் மோதிக்கொண்ட கூட்டத்தில், தங்கமாரியின் கையிலிருந்து இசக்கியின் கை நழுவிப் போயிற்று. மூன்று வயதுப் பெண். விடிந்து பத்து மணியாகியும் கிடைக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்டது போட்டோ. அதுதான் இல்லை.

ஆளுக்கொரு கேமரா போன் வந்துவிட்ட காலத்தில் பிள்ளைக்கு ஒரு போட்டோ இல்லாத குடும்பமா என்று ஏட்டு கண்ணப்பனுக்கு ஆச்சரியம். தங்கமாரியின் புகுந்த வீட்டு வழக்கம் அப்படி. ஊரில் சாஸ்தா கோயிலில் முதல் முடி இறக்கும் வரை பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது. முடி இறக்குவது பங்குனி உத்திரத்தன்றுதான். மூன்று பங்குனியும் அவள் புருஷன் பேச்சிராஜுக்குக் கம்பெனி லைனில் லீவு கிடைக்கவில்லை. சாமி பொறுத்துக்கொண்டது. சூப்பர்வைசர்தான் பொறுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

கண்ணப்பனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது சுகப்பிரியாதான். குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் தானே போடுகிறவள். பாஸ்போர்ட் விசாரணைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மேஜை நிறைய பிரஷ்ஷும் கலருமாகப் பார்த்திருந்தார். தங்கமாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு அவள் வீட்டு மாடியேறிவிட்டார்.

ஆளைப் போல வரைந்து பழக்கமில்லை என்று சுகப்பிரியா சொல்லத்தான் சொன்னாள். முயலுக்குச் சட்டை மாட்டச் சொன்னால் மாட்டுவாள். சாடை பிடிப்பது வேறு வேலை. கண்ணப்பன் கேட்கிற ஆளாக இல்லை. படம் என்றால் படம்தானே என்றார்.

முகம் எப்படி? உருண்டை. கண்? பெரிய கண். கன்னம்? குண்டுக் கன்னம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். உருப்படியாக ஒன்றே ஒன்று சொன்னாள் தங்கமாரி. பிள்ளை அப்படியே அப்பா சாடையாம்.

அந்த அப்பா விடிந்ததிலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வரும் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் கண்ணப்பன் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார், தங்கமாரி பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குத்தான் பொறுக்கும்?

கை தன் பாட்டுக்குப் போயிற்று. பதினைந்து வருஷமாகச் சிரிக்கிற பிள்ளைகளையே வரைந்த கை. வாயோரத்தை எத்தனை முறை அழித்தாலும் அது மேல்நோக்கியே வளைந்தது. கடைசியில் அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டாள்.

தாளைத் திருப்பிக் காட்டியபோது தங்கமாரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு இவள்தான், என் பிள்ளைதான் என்று சொல்லி, தாளின் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

சுகப்பிரியாவுக்குச் சொல்ல வெட்கம், ஆனால் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் போட்ட படங்களில் ஒன்றாவது ஓர் ஆபத்துக்கு உதவிற்றே.

கண்ணப்பன் தாளை வாங்கிக்கொண்டு, ஐந்நூறு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டக் கிளம்பிவிட்டார். தங்கமாரி போகவில்லை. தன் அறையில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போய் ஏடு படிந்தது.

ஒன்றரை மணிக்கு சுகப்பிரியாவின் போன் அடித்தது. கண்ணப்பன் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை, நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"மேடம், உங்க படம் சூப்பரா வேலை செய்து மேடம்! பிள்ளைப்பாக்கம் பால்வாடில ஒட்னேன், பசங்க பாத்ததும் எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்னு ஒரே கத்தலு. அடுத்த ஊர்லயும் அதே கதைதான். பேரு கூட சொல்லுதுங்க, பூந்தியாம். வூட்ல கூப்புடுற பேராட்டம் கீது, அந்தம்மாவாண்ட கேளுங்க!"

சுகப்பிரியா மேஜையில் கிடந்த தன் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தாள்.

பூந்தி அவளுடைய கதைப் பெண். அவள் எழுதிய மூன்று புத்தகங்களிலும் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை பூந்திதான். போன வருஷம் ஒரு கம்பெனி அவற்றை மொத்தமாக வாங்கி, சுற்று வட்டாரத்துப் பால்வாடிகளுக்கெல்லாம் கொடுத்திருந்தது. உருண்டை முகம், பெரிய கண், குண்டுக் கன்னம், ஓயாத சிரிப்பு. தங்கமாரி முத்தமிட்டது பூந்தியை. காலையிலிருந்து போலீஸும் ஊரும் தேடிக்கொண்டிருப்பதும் பூந்தியைத்தான். பேச்சிராஜைத் தவிர இசக்கியை இன்னும் யாரும் தேடவே ஆரம்பிக்கவில்லை.

போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

தங்கமாரி எழுந்து நின்றிருந்தாள்.

"ஆமாக்கா, வீட்டுல பூந்தின்னும் கூப்பிடுவோம்லா" என்றாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவள் சொல்லாத பேர்.

சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.