இருபத்துநாலாவது பல்

ஸ்பானியர்கள் வந்த காலத்தில் ஒரு காய்ச்சல் எங்கள் வாஹாகா மலையூரையே வாரிக்கொண்டு போனது. அது என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்க, டாக்டர் ரெனாத்தா மாதா கோயில் முற்றத்துப் பிணக்குழியைத் தோண்டினாள். அங்கே கிடைத்த மண்டையோடுகளிலிருந்து அவள் எடுத்துத் தரும் பற்களைக் கழுவி, எண் எழுதி, பையில் போட்டு மூடுவது ஒத்திலியாவின் வேலை.

ஆறு மாதத்தில் தலைநகர் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது.

"கிடைச்சிருச்சு ஒத்திலியா. இருபத்துமூணு பல்லுல ஒண்ணுமில்ல, எல்லாம் மக்கிப்போச்சு. இருபத்துநாலாவது ஒரு சின்னப் பிள்ளையோட பால்பல். கிருமியோட மரபணு அதுல முழுசா இருக்கு, நேத்து செத்த பிள்ளை மாதிரி."

"என்ன கிருமி டாக்டர்?"

"டைஃபாய்டு. கெட்ட தண்ணியில வர்றது."

"நிச்சயந்தானா?"

"நூத்துக்கு நூறு."

"எழுதித் தருவீங்களா?"

ரெனாத்தா சிரித்தாள். "உலகத்துக்கே எழுதப்போறோம்."

"உலகம் வேண்டாம். நம்ம ஊர் சுகாதார நிலையத்துக்கு எழுதுங்க." ஒத்திலியா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "நீங்க எடுத்துக் குடுத்தது இருபத்துமூணு பல்தான்."

ரெனாத்தாவின் சிரிப்பு நின்றது.

"போன மழைக்கு என் பையன் எஃப்ரேனை மூணு தடவை அங்க தூக்கிட்டுப் போனேன். ரத்தம் பார்க்க வசதியில்ல, சளிக் காய்ச்சல்தான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. படுத்திருக்கறப்ப அவனுக்கு ஒரு பல் விழுந்துச்சு. எலி வந்து எடுத்துட்டுக் காசு வச்சிட்டுப் போகும்னு தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்கினான். விடிஞ்சப்ப பல் இருந்துச்சு, அவன் இல்ல."